மலை ஏரியில் படகு அணிவகுப்பு: எந்த நீர், எந்தப் படகு, எந்த நேரம்?

அலங்கரித்த படகுகள் வரிசையாக வர, கரை நெடுக ஊரே திரண்டு நின்று பார்க்கும் விழா கொடைக்கானலுக்குப் புதிதல்ல. மே மாதக் கோடை விழாவில் அரசுத் துறைகள் ஆளுக்கொரு படகை அலங்கரித்து ஏரியில் விடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதே போன்ற ஒன்றை ஊர்மக்களும் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து தாங்களே நடத்த வேண்டும் என்ற பேச்சு எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் எழுந்தது. சுமார் இருபது படகுகள், படகுக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு பெரியவர் என்பது திட்டம். எங்கே நடத்துவது, எந்தப் படகில், எந்த மாதம், எந்த நேரத்தில் என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லா யோசனைகளும் அழகாகவே இருந்தன. அழகை மட்டும் வைத்து ஒப்பிட்டால் எந்த முடிவுக்கும் வர முடியாது என்பதால், ஒவ்வொரு யோசனைக்கும் ஒரே கேள்வியைக் கேட்பது என்று வைத்துக்கொண்டோம்: ஒரு குழந்தை தண்ணீரில் விழுந்தால், எவ்வளவு நேரத்தில் ஒரு கை அதை எட்டிப் பிடிக்கும்?

இந்தக் கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. மூச்சு நின்றபின் நான்கிலிருந்து ஆறு நிமிடத்திற்குள் மூளை பாதிக்கப்படத் தொடங்குகிறது. துடுப்புப் படகு ஒன்று மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் போகும் என்று கொள்வோம். நிமிடத்திற்கு 67 மீட்டர். மீட்புப் படகு அரை கிலோமீட்டர் தள்ளி நின்றால் ஏழரை நிமிடம் ஆகும். வந்து சேரும்போது நேரம் கடந்திருக்கும். மோட்டார் படகு மணிக்கு 10 கிலோமீட்டர் போனாலும் அதே தொலைவுக்கு மூன்று நிமிடம். விழுந்ததை யாராவது பார்த்து, கத்தி, மீட்பவர் படகைத் திருப்பும் நேரம் இதில் சேரவில்லை. ஆகவே, எந்த ஏரியானாலும் எந்தப் படகானாலும், இரண்டு நிமிடத்திற்குள் எட்ட முடியாத ஏற்பாட்டைத் தள்ளிவிடுவது என்று முடிவு செய்தோம்.

படகு விழாக்களுக்கான பாதுகாப்பு அறிவுரைகளில் பெரும்பகுதி கடலோரத்தையும் கழிமுகத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே ஓதம் ஏறி இறங்குகிறது; நாளுக்கு இருமுறை நீர் உள்ளே வந்து இருமுறை வெளியேறுகிறது. வற்றும் நேரத்தில் ஆற்றுப் பெருக்கும் சேர்ந்துகொண்டால் சிறு படகை முகத்துவாரத்தை நோக்கி இழுத்துவிடும். அதனால் ஓத அட்டவணையைப் பார்த்துத்தான் அங்கே நாளையும் நேரத்தையும் குறிக்கிறார்கள். மலை ஏரியில் ஓதம் கிடையாது, இழுப்பும் அநேகமாகக் கிடையாது. அதனாலேயே ஆபத்து இல்லை என்ற நினைப்பு வந்துவிடுகிறது. இங்கே ஓதத்தின் இடத்தில் நான்கு உள்ளன: மதியத்திற்கு மேல் இறங்கும் மூடுபனி, கோடைக்கால இடிமழை, பள்ளத்தாக்கிலிருந்து திடீரென்று ஏறிவரும் காற்று, குளிர்ந்த தண்ணீர்.

அலையில்லாத நீரிலும் படகு கவிழும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அது அணை நீர்; பயணிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்ததுதான் பெரிய காரணமாகச் சொல்லப்பட்டது. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் 22 பேர். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டத்தில் தானூர் அருகே பூரப்புழைக் கழிமுகத்தில் 22 பேர். ஆள் மிகுதியாக ஏற்றிய படகு, இருட்டிய பிறகு போனது. 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த 12 பிள்ளைகளும் 2 ஆசிரியர்களும். நகரத்து ஏரி, பட்டப்பகல், கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவு. அளவுக்கு மீறிய ஆட்கள், பலருக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை. தேக்கடி, தானூர், ஹர்ணி மூன்றிலும் பேரலையோ புயலோ குற்றவாளி அல்ல. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றப்போகும் எங்களுக்கு ஹர்ணிதான் மிக நெருக்கமான பாடம்.

முதலில் ஏரி.

எங்கள் முன் நான்கு பெயர்கள் இருந்தன. பேரிஜம் ஏரியைச் சொன்னவர்கள் அதன் அழகுக்காகச் சொன்னார்கள். அது வனத்துறையின் அனுமதிச்சீட்டு பெற்றுப் போகும் காட்டுப்பகுதி. பெரியகுளத்திற்குக் குடிநீர் தரும் ஏரி. அங்கே விழா நடத்த நினைப்பதே தவறு, அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பைக்காரா அடுத்தது. ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அங்கே விரைவுப் படகுகள் உண்டு, மீட்புக்கு அவை உதவும். ஆனால் அது 1932 முதல் மின்சாரம் தரும் திட்டத்தைச் சேர்ந்த நீர்த்தேக்கம். நீர்மட்டம் மின் உற்பத்தியைப் பொறுத்து ஏறும், இறங்கும். கரை சரிவாக ஆழத்தில் இறங்குகிறது. சிறுவர் படகுகளுக்கு ஏற்ற இடமல்ல.

மீதம் ஊட்டி ஏரியும் கொடைக்கானல் ஏரியும். இரண்டுமே மனிதர் உருவாக்கியவை. ஊட்டி ஏரி 1820களில், கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில் உருவானது. கொடைக்கானல் ஏரி 1863இல், மதுரை கலெக்டர் வேர் ஹென்றி லெவிஞ்சின் முயற்சியில் உருவானது. இன்றைய பரப்பும் ஏறத்தாழ ஒன்றே, முன்னது சுமார் 65 ஏக்கர், பின்னது சுமார் 60 ஏக்கர். வடிவம்தான் வேறு. ஊட்டி ஏரி நீண்டு கிடக்கிறது. கொடைக்கானல் ஏரி நட்சத்திரம் போலக் கைகளை விரித்துக் கிடக்கிறது.

ஊட்டியின் பலத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். படகு இல்லத்தில் மிதிபடகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு மூன்றும் இருக்கின்றன. அதைவிட முக்கியம், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட 700 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதே ஊரில் இருக்கிறது. கொடைக்கானலில் அரசு மருத்துவமனை உண்டு என்றாலும், நிலைமை மோசமானால் மலைப்பாதையில் இறங்கித் தேனிக்கோ மதுரைக்கோ போக வேண்டும். ஆம்புலன்ஸ் பயணமே மணிக்கணக்கில் நீளும். இந்த ஒரு காரணத்திற்காகவே எங்களில் சிலர் கடைசிவரை ஊட்டிப் பக்கம் நின்றார்கள். அவர்கள் வாதத்தை நான் இன்னமும் மதிக்கிறேன்.

எதிர்ப்பக்கம் இரண்டு விஷயங்கள். நகரத்தின் கழிவுநீர் கால்வாய் வழியாக ஊட்டி ஏரியில் கலப்பது பல ஆண்டுப் பிரச்சினை. கொடைக்கானல் ஏரியும் தூய நீர் என்று சொல்லிவிட முடியாது என்றாலும், விழுந்த பிள்ளை எந்தத் தண்ணீரைக் குடிக்கும் என்று யோசித்தால் நான் கொடைக்கானலையே தேர்ந்தெடுப்பேன். இரண்டாவது, அந்த நட்சத்திர வடிவம். ஒரு கைக்குள் படகுகளை நிறுத்திவிட்டால் மூன்று பக்கமும் கரை. காற்றும் அடங்கியிருக்கும். எந்தப் படகும் கரையிலிருந்து வெகு தொலைவு போக முடியாது. நீண்ட ஏரியில் வரிசை நீள நீள மீட்பவருக்கும் கடைசிப் படகுக்கும் இடைவெளி வளர்கிறது. கை போன்ற குடாவில் அது வளர வழியில்லை. எட்டிப் பிடிக்கும் நேரம் என்ற எங்கள் கேள்விக்கு இந்த வடிவமே பதில் சொன்னது. ஊட்டியில் இருக்கும் நண்பர்கள் தங்கள் ஏரியில் நடத்துவதானால், படகு இல்லத்தை ஒட்டிய பகுதியை மட்டும் மிதவைக் கயிற்றால் வளைத்துக்கொண்டு இதே பலனைப் பெறலாம். மருத்துவமனை பக்கத்தில் இருப்பது அவர்களுக்குக் கூடுதல் வலு.

அடுத்தது படகு. இங்கேதான் பேச்சு நீண்டது, நீள வேண்டியதும்தான்.

மோட்டார் படகை அணிவகுப்பில் சேர்க்க வேண்டாம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அது கிளப்பும் அலை பக்கத்துச் சிறு படகை ஆட்டும். தண்ணீரில் ஒருவர் இருக்கும்போது சுழலும் விசிறி அரிவாளுக்குச் சமம். கொடைக்கானலில் அந்த வழக்கமும் இல்லை, ஏரியின் அமைதி அதனால்தான் மிஞ்சியிருக்கிறது. மீட்புக்கு மட்டும் தீயணைப்பு மீட்புத் துறையின் ரப்பர் படகு வந்தால் வரவேற்கலாம். அதிலும் ஒன்று கவனிக்க வேண்டும்: கடற்கரையில் ஓடிப் பழகிய பெட்ரோல் எஞ்சின் 2,000 மீட்டருக்கு மேல் மெலிந்த காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும், சில நேரம் எரிபொருள் கலவையைச் சரிசெய்யாமல் முரண்டு பிடிக்கும். முந்தின நாளே தண்ணீரில் ஓட்டிப் பார்க்காத எஞ்சினை நம்பி விழாவைத் தொடங்கக் கூடாது. விழுந்தவரை நெருங்கும்போது எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

மிதிபடகைப் பலரும் விரும்பினார்கள். பிள்ளைகளுக்குப் பழக்கமானது, துடுப்பு வேண்டாம், அகலமான அடிப்பாகம் இருப்பதால் எளிதில் கவிழாது. இவை எல்லாம் உண்மை. ஆனால் வரிசையில் போவதற்கு அது ஒத்துவராது. உட்காருமிடம் உயரமாக இருப்பதால் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும். சின்னச் சுக்கானைத் திருப்பினாலும் படகு மெல்லத்தான் திரும்பும். நினைத்த இடத்தில் நிற்காது. முன்னால் ஒன்று தாமதித்தால் பின்னால் வருவது இடிக்கும். கால் சோர்ந்த பிள்ளைகள் நடு ஏரியில் நின்றுவிடுவார்கள். இருபது மிதிபடகுகள் நேர்வரிசையில் போவதை நான் எங்குமே கண்டதில்லை.

துடுப்புப் படகில் படகோட்டி இருக்கிறார். இது ஒன்றே மற்ற எல்லாக் குறைகளையும் ஈடுகட்டுகிறது. இந்த ஏரியிலேயே பிழைப்பு நடத்தும் அண்ணன்மார்கள் காற்று எந்தப் பக்கம் திரும்பும், நீர்ப்பாசி எங்கே துடுப்பைச் சுற்றும், எந்த மூலையில் மூடுபனி முதலில் இறங்கும் என்பதை வாய்ப்பாடாக வைத்திருக்கிறார்கள். குறை என்னவென்றால், துடுப்புப் படகு குறுகியது. யாராவது எழுந்து நின்றால் ஆடும். விழுந்தவரைப் பக்கவாட்டில் தூக்கினால் தூக்குபவரோடு சேர்ந்து கவிழக்கூடும், பின்பக்கமாகத்தான் ஏற்ற வேண்டும். இதைப் படகோட்டிகளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. உடன் வரும் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும்தான் கரையிலேயே ஒத்திகை காட்ட வேண்டும்.

பரிசலையும் ஒருவர் சொன்னார், மன்னவனூர் ஏரியில் வனத்துறையின் சூழல் சுற்றுலாவில் பரிசல் விடுவதைப் பார்த்துவிட்டு. பார்க்க எத்தனை அழகோ அத்தனை சுழலும். அணிவகுப்புக்கு முன்னும் பின்னும் வேண்டும், பரிசலுக்கு அது கிடையாது.

கடைசியாக ஒரு யோசனை வந்தது, நான் எதிர்பாராத இடத்திலிருந்து. தெப்பம். மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் வலம் வரும் தெப்பத்தைத் துடுப்போ எஞ்சினோ ஓட்டுவதில்லை. கரையிலிருந்து வடம் பிடித்து இழுக்கிறார்கள். வேகம் கரையில் இருப்பவர் கையில். நிறுத்த வேண்டுமானால் இழுப்பதை நிறுத்தினால் போதும். அலங்காரம் எவ்வளவு உயரமானாலும் அடியில் அகலமான மிதவை. நம் ஊர்களில் நூற்றாண்டுகளாக நடந்துவரும் இந்த முறையைவிடப் பாதுகாப்பான நீர்விழா வடிவம் எனக்குத் தெரியவில்லை. மீனாட்சி தெப்பத்தை நேரில் பார்த்தவர்கள் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் இருந்தும், அதை ஒரு வழிமுறையாக யாரும் யோசித்திருக்கவில்லை.

ஆனால் இருபது தெப்பங்களை இழுக்க இங்கே கல் படித்துறை கிடையாது. ஏரிக்கரைச் சாலையில் குதிரையும் சைக்கிளும் காரும் போகும் நெரிசலில் நீளமான வடம் பிடிப்பதே விபத்தாகும். அதனால் இரண்டையும் கலந்தோம். பெரிய அலங்காரம் எல்லாம் ஒரே ஒரு தெப்பத்தில், ஆள் இல்லாமல். போக்குவரத்தை நிறுத்தி வைக்கக்கூடிய ஒரு கரைப்பகுதியிலிருந்து மட்டும் அதற்கு வடம். பிள்ளைகள் வரும் துடுப்புப் படகுகள் அதன் பின்னே, கொடியும் பூவும் மட்டும் கட்டிக்கொண்டு எளிமையாக.

பாதை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏரியை முழுவதும் சுற்றி வருவது என்றால் கரையோரச் சாலையின் கணக்கில் ஏறக்குறைய 5 கிலோமீட்டர், ஆளேற்றிய துடுப்புப் படகுக்கு ஒன்றரை மணி நேரத்திற்குக் குறையாது. அதற்குள் குழந்தைகளுக்குக் குளிரும், பசிக்கும், சிறுநீர் வரும், எழுந்து நிற்பார்கள். குறுஞ்சுற்று என்றால் ஒரே கைக்குள் போய்த் திரும்புவது, அரைமணி. இருபது படகுகளை 15 மீட்டர் இடைவெளியில் விட்டால் வரிசை சுமார் 300 மீட்டர் நீளம். தலையில் ஒன்று, நடுவில் ஒன்று, வாலில் ஒன்று என மூன்று மீட்புப் படகுகள் வெறுமையாகக் கூடவே வந்தால், எந்தப் படகும் அருகிலுள்ள மீட்புப் படகிலிருந்து 75 மீட்டருக்கு மேல் விலகியிருக்காது. துடுப்பு வேகத்திலும் ஒரு நிமிடத்தைச் சற்றுத் தாண்டி எட்டிவிடலாம். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபின் முழுச்சுற்றைக் கேட்டவர்கள் ஒருவரும் மீண்டும் கேட்கவில்லை.

நேரமும் பருவமும் இனி.

இரவு அணிவகுப்புக்குத்தான் அதிக ஆதரவு இருந்தது. நீரில் விளக்குகள் பிரதிபலிக்கும் அழகை மறுக்கவில்லை. ஆனால் இருட்டில் தண்ணீரில் விழுந்த தலை கண்ணுக்குத் தெரியாது. ஆட்களை எண்ண முடியாது. கரை விளக்கும் படகு விளக்கும் குழம்பும். விழா முடிந்து நடந்து போகிறவர்கள் வழியில் காட்டுமாட்டை எதிர்கொள்வது இங்கே கதையல்ல, மாலைக்குப்பின் அவை தெருவுக்குள்ளேயே வருகின்றன. விளக்கு வேண்டும் என்றால் ஆளில்லாத தெப்பத்தில் பேட்டரி விளக்குகளை ஏற்றி, அந்தி சாயும் நேரத்தில் அதை மட்டும் கரையோரமாக இழுத்து வரலாம். பிள்ளைகள் கரையில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

மே மாதம் வேண்டாம் என்பது என் கருத்து. ஏப்ரல், மே மாதங்களில் காலை தெளிவாக இருந்து மதியத்திற்கு மேல் இடியோடு மழை வருவது மலையில் வாடிக்கை. திறந்த நீர்ப்பரப்பில் உயர்ந்து நிற்கும் ஒரே பொருள் படகும் அதில் இருப்பவரும்தான். அத்தோடு நெரிசல். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்ததும், 2025 ஏப்ரலிலிருந்து கொடைக்கானலுக்கு நாளொன்றுக்கு 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பு வைத்ததும் இந்த நெரிசலால்தான். ஆம்புலன்ஸ் நகர முடியாத நாளில் விழா வைப்பதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்? ஐப்பசி, கார்த்திகை கொடைக்கானலுக்கு அடைமழைக் காலம், அது தானாகவே விலகிவிட்டது.

மீதமிருந்ததில் நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்தது மார்கழி முதல் மாசி வரை. மார்கழியிலும் தையிலும் வானம் தெளிவு, ஆனால் தண்ணீர் மிகக் குளிர்ந்திருக்கும். 15 டிகிரிக்குக் கீழான நீரில் திடீரென்று விழுந்தால் உடல் தன்னையறியாமல் மூச்சை இழுக்கும்; அந்த முதல் இழுப்பிலேயே நீர் உள்ளே போய்விடலாம். நீச்சல் தெரிந்தவரையும் இது விடுவதில்லை. மாசியில் மழை குறைவு, இடி அரிது, பகல் வெயில் ஏறியிருக்கும், சுற்றுலாக் கூட்டமும் இன்னும் தொடங்கியிருக்காது. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் வர முடியாதே என்ற வருத்தம் பெற்றோரிடம் இருந்தது, நியாயமான வருத்தம். அவர்களைக் கரைப் பொறுப்புகளிலும் இழுக்க வேண்டாம், படிக்கட்டும். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் போதும். மாசி மாதத்துச் சனிக்கிழமை, காலை பத்தரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்குள் கடைசிப் படகும் கரையேறிவிட வேண்டும் என்று வைத்தோம். மூடுபனி பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் இறங்கும்.

லைஃப் ஜாக்கெட்டில் ஒப்பிட வேண்டியது விலையை அல்ல, மிதப்புத் திறனை. உலகத் தர அளவில் 50 நியூட்டன் என்பது கரையோரத்தில் நீந்தத் தெரிந்தவருக்கான துணை மட்டுமே. 100 நியூட்டன் அமைதியான உள்நீருக்கானது. 150 அதற்கும் மேல், திறந்த நீருக்கு. நீச்சல் தெரியாத மலைப்பிள்ளைகளுக்கு 50 போதவே போதாது. இங்கே பிள்ளைகளில் பெரும்பாலோர் நீச்சல் பழகியதில்லை. பழகக் குளம் எங்கே இருக்கிறது? ஆகவே 100க்குக் குறையாமல், பிள்ளையின் எடைக்கு ஏற்ற அளவில், கால்களுக்கிடையே போகும் பட்டையோடு. அந்தப் பட்டை இல்லாவிட்டால் நீரில் ஜாக்கெட் மேலே ஏறி முகத்தை மூடும், பிள்ளை கீழே நழுவும். போட்டுவிட்டபின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்கானது அல்ல. வாடகைக்கு வரும் பழைய ஜாக்கெட்டுகளின் உள்நுரை நசுங்கி மிதப்பை இழந்திருக்கும். ஒவ்வொன்றையும் எடைகட்டித் தண்ணீரில் போட்டுப் பார்த்தே ஏற்க வேண்டும்.

மலையில் இன்னொரு சிக்கல். எல்லாரும் ஸ்வெட்டரும் ஜெர்கினும் போட்டு வருவார்கள். அதற்கு மேல் பொருந்தும் அளவில் ஜாக்கெட் வேண்டும். மாறுவேடம் போடும் பிள்ளைகளுக்கு வேடத்தின் உள்ளே ஜாக்கெட்டை மறைக்கலாமா என்று கேட்டார்கள். கூடாது. ஜாக்கெட்தான் வெளியே, அதன்மேல் பூவும் காகிதமும் ஒட்டிக்கொள்ளட்டும். கட்டபொம்மன் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டில் வந்தால் கட்டபொம்மனுக்கு ஒரு குறைவும் வராது. பூட்ஸ் வேண்டாம். சேலையில் வரும் ஆசிரியைகள் படகில் ஏறுவதானால் சுடிதாருக்கு மாறிக்கொள்ளும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

அலங்காரத்தில் தெர்மாகோலும் பிளாஸ்டிக் பூவும் ஏரிக்குள் போகவே கூடாது. கீழ்மலையின் வாழைக்குலைகள், ஹைட்ரேஞ்சியா, துணிக்கொடிகள் போதும். வாழைத்தண்டு கனக்கும் என்பதால் அதைப் படகில் கட்டாமல் தெப்பத்தில் கட்ட வேண்டும். படகில் உட்கார்ந்தவரின் தலைக்கு மேல் எழும் வளைவு எதுவும் வேண்டாம். அது காற்றைப் பிடிக்கும், எடையை மேலே ஏற்றும். நான்கு பேர் உட்காரும் படகில் படகோட்டி நீங்கலாக மூன்று பேருக்கு மேல் கூடாது, உடன் ஏறும் புகைப்படக்காரர் உட்பட. பட்டாசு எந்த வடிவிலும் இல்லை.

கரையை மறந்துவிடுவார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தண்ணீரில் இருப்பவர்களைவிடக் கரையில் இருப்பவர்கள் பல மடங்கு. படகுத்துறைப் பலகையில் கூட்டம் ஏறி நின்றால் அதுவே தனி விபத்து. பிள்ளைகள் ஏறும் துறையில் அந்தப் படகின் ஆட்களைத் தவிர யாருக்கும் இடமில்லை. பெற்றோர் செல்பேசியோடு முன்னே ஓடி வருவதைத் தடுக்க ஒரு கயிறு போதாது, கயிற்றுக்குப் பின்னால் உறுதியான இரண்டு பேர் வேண்டும். ஏறும்போது பெயர் வாரியாக எண்ணி, இறங்கும்போது அதே பட்டியலில் எண்ணிக் குறிப்பது ஒருவரின் முழுநேர வேலையாக இருக்கட்டும். நகராட்சி, காவல்துறை, தீயணைப்பு, சுகாதாரம் ஆகிய நான்கின் அனுமதியும் பங்கேற்பும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒலிபெருக்கி அனுமதி தனி. 108 வண்டி துறையை நோக்கி நிற்காமல், வெளியேறும் சாலையை நோக்கி நிற்க வேண்டும்.

முதலுதவி செய்பவர்களுக்கும் ஒன்று. நீரில் மூழ்கியவரைத் தலைகீழாகப் பிடிப்பது, சுற்றுவது, வயிற்றை அழுத்தித் தண்ணீர் எடுப்பது, மூன்றும் ஆபத்து. மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும், பிறகு மார்பழுத்தம். மாரடைப்புக்குச் சொல்லித்தருவதுபோல மார்பை மட்டும் அழுத்துவது இங்கே போதாது, இவர்கள் இழந்தது காற்றை. மூச்சு திரும்பிய பிள்ளை நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

எல்லாம் சரியாக அமைந்தும் அன்று காலை மேகம் திரண்டால்? இதற்கு இரண்டு வழிகளை ஒப்பிட்டோம். குழுவாகக் கூடி முடிவெடுப்பது ஒன்று. ஒரே ஆளிடம் விட்டுவிடுவது மற்றொன்று. குழு என்றால் தலைமை விருந்தினர் வந்துவிட்டார், பிள்ளைகள் ஏங்குகிறார்கள், பத்து நிமிடம் பார்ப்போம் என்று தள்ளிப்போகும். ஆகவே ஒரே ஆள். அவர் சங்கத் தலைவரோ பள்ளி முதல்வரோ அல்ல, மூத்த படகோட்டி ஒருவர். வானிலை மையத்தின் உடனடி எச்சரிக்கையையும் மின்னலுக்கான தாமினி செயலியையும் பார்த்துச் சொல்ல ஓர் இளைஞர் அவர் பக்கத்தில் இருப்பார். இடிச்சத்தம் ஒருமுறை கேட்டாலும் எல்லாப் படகுகளும் அருகிலுள்ள கரைக்கு. கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் யாரும் ஏறுவதில்லை. எதிர்க்கரை மரம் மூடுபனியில் மறைந்தாலும் அப்படியே. அவர் வேண்டாம் என்று கையசைத்தால் மாவட்ட ஆட்சியரே வந்திருந்தாலும் படகு நகராது என்பதை அழைப்பிதழிலேயே அச்சிடச் சொல்லியிருக்கிறோம். அன்று ஆளில்லாத தெப்பம் மட்டும் கரையோரமாக வரும், பிள்ளைகள் வேடத்தோடு சாலையில் நடந்து வருவார்கள், சாப்பாடு சமுதாயக் கூடத்தில்.